மூன்று தரம் எழுந்து நின்றேன், ஐயா

கேள்வி: ஐயா, எனக்கு 39 வயது. பிறந்து வளர்ந்தது கடலூர் முதுநகர். மூன்று தலைமுறையாகச் சபையில் இருக்கிற குடும்பம். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். பாடகர் குழுவில் இருக்கிறேன், வாலிபர் கூட்டமும் நடத்துகிறேன். போன மாதம் எழுப்புதல் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியார், "வெதுவெதுப்பாய் இருக்கிறவனைக் கர்த்தர் வாந்திபண்ணிப்போடுவார். முழுசாய் ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார். அழுதுகொண்டே நின்றேன். இப்படி நிற்பது எனக்கு மூன்றாவது தரம். ஒவ்வொரு தரமும் பத்து நாள் அனலாய் இருக்கும், அப்புறம் அணைந்துவிடும். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தால்தான் என் அர்ப்பணிப்பு முழுமையாகும் என்று தோன்றுகிறது. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், அவள்தான் கூட்டிக்கொண்டு போகிறாள். வீட்டுக் கடன் இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. கம்பெனி வேலையில் மனசு சுத்தமாய் இருப்பதும் கஷ்டம். சப்ளையர்கள் கொடுப்பதை எல்லாரும் வாங்குகிறார்கள், நானும் வாங்க வேண்டியிருக்கிறது. ஊழியத்துக்கு வந்துவிட்டால் அதிலிருந்தும் விடுதலை. நான் என்ன செய்ய வேண்டும்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர் முதுநகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். எழுந்து நின்றதைப் பற்றியும் அழுததைப் பற்றியும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பக்கம், போகிற போக்கில், சப்ளையர்கள் கொடுப்பதைப் பற்றி ஒரே ஒரு வரி. என் கண் அங்கேதான் நின்றுவிட்டது. அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் அந்தப் பயத்தோடு ஒரு மனிதன் சரியான முடிவு எதையும் எடுக்க முடியாது.

அந்தப் பிரசங்கியார் எடுத்தது வெளிப்படுத்தின விசேஷம் மூன்றாம் அதிகாரம், லவோதிக்கேயா சபைக்கு வந்த கடிதம். "நீ குளிருமல்ல அனலுமல்ல; நீ குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்." அனல் என்றால் பக்தி வைராக்கியம், குளிர் என்றால் பக்தியே இல்லாமை என்றுதான் நாம் கேட்டு வளர்ந்தோம். அப்படியானால் குளிராய் இருப்பதும் நலம் என்று ஆண்டவர் ஏன் சொல்ல வேண்டும்? லவோதிக்கேயா இன்றைய துருக்கியில், லீக்கஸ் பள்ளத்தாக்கில் இருந்த பணக்கார ஊர். எதிர்ப்பக்கம் எராப்போலியில் வெந்நீர் ஊற்றுகள். உடம்பு வலிக்கு அங்கே போய்க் குளிப்பார்கள். இன்னொரு பக்கம் கொலோசெயில் மலையிலிருந்து இறங்குகிற குளிர்ந்த தண்ணீர், தாகத்துக்குக் குடிக்கலாம். லவோதிக்கேயாவுக்குச் சொந்தமாய் நல்ல தண்ணீர் கிடையாது. தெற்கே சில கிலோமீட்டர் தூரத்திலிருந்து கல் குழாய்களில் கொண்டுவந்தார்கள். ஊருக்குள் வரும்போது அது வெதுவெதுப்பாய், சுண்ணாம்பு படிந்து இருந்தது. அந்தக் குழாய்க் கற்களில் படிந்த சுண்ணாம்பை இன்றைக்கும் இடிபாடுகளில் பார்க்கலாம். வெந்நீரும் உதவும், குளிர்ந்த தண்ணீரும் உதவும், இந்த வெதுவெதுப்பு எதற்கும் உதவாது. அந்த ஊர்க்காரர்களுக்கு இந்த வசனத்தை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. கடலோர ஊரில் உப்புத்தண்ணீர் போரோடு வாழ்கிற நமக்கும் புரியும்.

ஆகவே, தம்பி, பத்து நாளில் உணர்ச்சி அடங்கிவிடுவதை வைத்து உங்களை நீங்களே வெதுவெதுப்பு என்று முத்திரை குத்திக்கொள்ளாதீர்கள். உணர்ச்சி அடங்கத்தான் செய்யும். கல்யாணமான புதிதில் இருந்த படபடப்பு இப்போது உங்களுக்கு உங்கள் மனைவியிடம் இருக்கிறதா? அதனால் அன்பு போய்விட்டதா? லவோதிக்கேயாவின் நோய் அடுத்த வசனத்தில் இருக்கிறது: நான் ஐசுவரியவான், எனக்கு ஒரு குறைவுமில்லை என்று அது சொல்லிக்கொண்டது. குறை தெரிந்து எனக்குக் கடிதம் எழுதுகிற நீங்கள் அந்த இடத்தில் இல்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறின தகப்பனின் பிள்ளையை இயேசு குணமாக்கித்தான் அனுப்பினார். பாதி விசுவாசத்தோடு வந்திருக்கிறாய், முழுசாக்கிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை.

சரி, இப்போது அந்த ஒரு வரி.

முப்பத்தொரு வருடம் ஆயராக இருந்தேன். ஓய்வுக்குப் பிறகு குடும்ப ஆலோசனை செய்கிறேன். "என்னால் முழுமனதோடு ஆண்டவரைப் பின்பற்ற முடியவில்லை" என்று வந்தவர்களிடம் நிதானமாகப் பேசிப் பார்த்தால், அநேகமாய் எல்லாரிடமும் ஒரே மாதிரி ஒன்று இருந்தது. வீடு முழுக்கக் கூட்டிப் பெருக்கி வைத்திருப்பார்கள். ஒரே ஒரு அறை மட்டும் பூட்டியிருக்கும். அந்த அறையை மறந்திருக்கவே, மற்ற அறைகளில் இன்னும் கடுமையாய் வேலை செய்வார்கள். உபவாசம் கூடும், கூட்டம் கூடும், கண்ணீர் கூடும், அந்தச் சாவி மட்டும் வெளியே வராது.

இதை நான் பிறரைப் பார்த்து மட்டும் சொல்லவில்லை. ஊழியத்துக்கு வந்த முதல் வருடங்களில் எனக்கும் என் அண்ணனுக்கும் பண்ருட்டிப் பக்கம் இருந்த முந்திரித் தோப்பைப் பாகம் பிரித்ததில் மனஸ்தாபம். ஆறு வருடம் பேசவில்லை. அந்த ஆறு வருடமும் மாதா மாதம் திருவிருந்து கொடுத்தேன். மன்னிப்பைப் பற்றி நான் பிரசங்கித்தால் ஜனங்கள் அழுவார்கள். நானும் அழுவேன். ஆனால் ராத்திரி முழங்காலில் நின்றால் ஜெபம் வராது. ஆண்டவர் தூரமாய்ப் போய்விட்டார் என்று நினைத்து, உபவாச நாட்களைக் கூட்டினேன். ஒரு சனிக்கிழமை சாயந்திரம் பிரசங்கத்தைத் தயார் செய்ய முடியாமல், எழுந்து பண்ருட்டிக்குப் பஸ் ஏறிவிட்டேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் என்னென்னவோ சொல்ல யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டியாடா?" அன்றைக்கு ராத்திரி கடைசி பஸ்ஸில் திரும்பி வரும்போது வந்த ஜெபம், ஆறு வருட உபவாசத்தில் வராத ஜெபம். தோப்பு அண்ணனிடமே இருக்கிறது.

உங்கள் பூட்டிய அறை அந்த சப்ளையர் பணம். எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. "வாங்க வேண்டியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை, வாங்குகிறீர்கள். கடினமாய்ச் சொல்வதற்கு மன்னியுங்கள். உங்களைக் குறைத்துப் பேச இதைச் சொல்லவில்லை, மூன்று தரம் எழுந்து நின்றும் நிலைக்காததன் காரணம் இங்கே இருக்கிறது என்று நம்புவதால் சொல்கிறேன்.

வேலையை விட்டால் அதிலிருந்து விடுதலை என்கிறீர்கள். சுவிசேஷத்தில் ஆயக்காரர், அதாவது வரி வசூலிக்கிறவர்கள், இரண்டு பேரைப் பாருங்கள். லேவி ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தான். "எனக்குப் பின்சென்றுவா" என்றதும் எல்லாவற்றையும் விட்டு எழுந்தான். சகேயுவும் ஆயக்காரன்தான், அதிலும் தலைவன். அவனிடம் வேலையை விடு என்று இயேசு சொன்னதாய் லூக்கா எழுதவில்லை. சகேயு தானாகவே எழுந்து, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினது உண்டானால் "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்றான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னது அந்த வார்த்தைக்குப் பிறகுதான். யோவான் ஸ்நானனிடம் ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரர்களும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டார்கள், நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று. அவன் சொன்ன பதில்: "உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்." வனாந்தரத்தில் ஒட்டகமயிர் உடுத்தி வெட்டுக்கிளி தின்ற மனுஷன், அவர்களையும் வனாந்தரத்துக்குக் கூப்பிடவில்லை. அதே மேசைக்குத் திருப்பி அனுப்பினான்.

லேவியைப் போல அழைக்கப்படுகிறவர்கள் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் சகேயு செய்ய வேண்டியதைச் செய்யாமல் லேவி ஆகிவிட முடியாது. கணக்கைத் தீர்க்காமல் மேசையை விட்டு ஓடினால், அந்தப் பூட்டிய அறை உங்களோடு ஊழியத்துக்கும் வரும். அங்கே சப்ளையர்கள் இருக்க மாட்டார்கள், காணிக்கைப் பெட்டி இருக்கும். சபைகளில் அதன் விளைவை நான் பார்த்திருக்கிறேன், விவரிக்க மனசில்லை.

நம் ஊரோடு சம்பந்தப்பட்ட ஒருவரைச் சொல்கிறேன். 1750 ஜூலையில் கடலூர் கரைக்கு வந்து சேர்ந்தவர் ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். தரங்கம்பாடி, திருச்சி, தஞ்சாவூர் என்று 48 வருடம் இந்தத் தமிழ் மண்ணிலேயே இருந்து, 1798-இல் தஞ்சாவூரில் இறந்தார். ஒரு தரம்கூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பவில்லை. 1779-இல் சென்னையிலிருந்த ஆங்கிலேய அரசு அவரை ஹைதர் அலியிடம் ஸ்ரீரங்கப்பட்டினத்துக்குத் தூது அனுப்பியது. திரும்பும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் அதைக் கொண்டுபோய் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்போதும் தனக்கென்று எடுக்காமல், தஞ்சாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்கு அதைக் கொடுத்துவிட்டார். சில வருடம் கழித்து யுத்தத்தில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. அரசாங்கத்தின் வார்த்தையை நம்பி நெல்லும் மாடும் கொண்டுவர ஒரு குடியானவரும் தயாராக இல்லை, முன்பு கொடுத்ததற்கே பணம் வந்திருக்கவில்லை. சுவார்ட்ஸ் நான் பொறுப்பு என்று சொன்னார், கொண்டுவந்தார்கள். அந்தக் குடியானவர்களில் பெரும்பாலோர் அவருடைய மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல. அவர் பிரசங்கம் எத்தனை மணி நேரம் என்று அவர்களுக்குத் தெரியாது, அவர் கை சுத்தம் என்று தெரியும். முழு அர்ப்பணிப்பு என்றால் என் மனக்கண்ணில் வருவது அந்த 300 ரூபாய்தான்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் அல்ல. தனி மனிதருக்கு இருப்பதுபோலச் சபைகளுக்கும் பூட்டிய அறை உண்டு. நம் தமிழ்ச் சபைகளின் பூட்டிய அறை சாதி. 1833-லேயே கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே, முற்றிலுமாய் ஒழிய வேண்டும் என்று நிருபம் அனுப்பினார். பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். பிற்பாடு காரல் ஓக்ஸ் என்ற மிஷனரி, தன் மிஷன் சாதிக்கு இடம் கொடுக்கிறது என்று அதை விட்டு விலகி, நமக்குப் பக்கத்தில் இருக்கிற மேல்பட்டாம்பாக்கத்தில் புதிதாய் ஊழியம் தொடங்கினார். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, திங்கட்கிழமை பெண் பார்க்கும்போது சாதி கேட்கிறோம். நீங்கள் வாலிபர் கூட்டம் நடத்துகிறவர். முழு இருதயத்தைப் பற்றி அவர்களிடம் பேசும்போது இதைத் தவிர்க்காதீர்கள்.

இப்போது உங்கள் வீடு. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை என்று, ஏதோ தடை போல எழுதியிருக்கிறீர்கள். வாரம் இரண்டு முறை உங்கள் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறவர் அவர். நாலு மணி நேரம் வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறவர் அவர். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கடிதத்தில் தேடினேன். வேலை நாளில் லீவு கிடைக்காது, புரிகிறது. ஆனால் பாடகர் குழு, வாலிபர் கூட்டம் என்று நீங்களே பட்டியல் போட்டிருக்கிறீர்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு மாற்கு 7-இல் எவ்வளவு கடுமையாய்க் கடிந்துகொண்டார் என்று இன்று ராத்திரி படியுங்கள். உங்கள் மனைவி உங்கள் அர்ப்பணிப்புக்குத் தடையாய் நிற்கவில்லை. நீங்கள் ஒப்புக்கொடுக்க வேண்டிய அர்ப்பணிப்பில் பாதியை அவர் சுமந்துகொண்டிருக்கிறார்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த மாதத்திலிருந்து சப்ளையரிடம் ஒரு பைசா வாங்காதீர்கள். கொடுக்க வந்தால், "அதை பில்லில் டிஸ்கவுன்டாய்க் கழித்துக் கொடுங்கள்" என்று சொல்லிப் பழகுங்கள். முதல் தரம் தொண்டை அடைக்கும், சொல்லுங்கள். அதற்கு முன்னால் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், தொகையோடு. அவருக்குத் தெரியாமல் வந்த பணமாய் இருந்தால் கோபப்படுவார், படட்டும். தெரிந்தே வந்ததாய் இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து முழங்காலில் நில்லுங்கள். வாங்கினதைத் திருப்புவதுதான் கஷ்டமான பகுதி. அது கம்பெனிக்குச் சேர வேண்டிய பணம். வேலை போகலாம், சட்டப் பிரச்சினையும் வரலாம். ஆகவே எப்படித் திருப்புவது, யாரிடம் எப்போது சொல்வது என்பதை நல்ல வக்கீல் ஒருவரிடமும் நீங்கள் மதிக்கிற மூப்பர் ஒருவரிடமும் உட்கார்ந்து பேசித் தீர்மானியுங்கள். காணிக்கைப் பெட்டியில் போட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அடுத்தவர் பணத்தைக் காணிக்கையாய்க் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

நஷ்டத்தை நினைத்து மனசு பின்வாங்கும். யூதாவின் ராஜா அமத்சியாவுக்கும் பின்வாங்கியது. கூலிக்கு அமர்த்தின இஸ்ரவேல் படையைத் திருப்பி அனுப்பு என்று தேவமனுஷன் சொன்னபோது, நான் கொடுத்த நூறு தாலந்து வெள்ளி என்ன ஆவது என்றுதான் அவன் முதலில் கேட்டான். அதைவிட அதிகமாய்க் கொடுக்கக் கர்த்தரால் முடியும் என்று பதில் வந்தது. அந்த நஷ்டத்தை அவன் தாங்கிக்கொண்டான். ஆனால் ஏதோமை ஜெயித்து வந்ததும் ஏதோமியரின் விக்கிரகங்களைக் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டான். இவனைப் பற்றி இரண்டாம் நாளாகமம் எழுதுகிறது: கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனாலும் முழுமனதோடே செய்யவில்லை. ஒரு நல்ல காரியத்தைச் செய்து முடித்த கையோடு வேறொரு அறையைப் பூட்டிக்கொள்கிற ஆபத்து நம் எல்லாருக்கும் உண்டு. அதனால்தான் "என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்" என்று 86-ஆம் சங்கீதத்தில் தாவீது கேட்கிறான். நானே ஒருமுகப்படுத்திவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. தினமும் காலையில் அந்த ஒரு வரியை ஜெபியுங்கள், இப்போதைக்கு அது போதும்.

முழுநேர ஊழியக் கேள்வியை இரண்டு வருடம் தள்ளி வையுங்கள். இரண்டு வருடம் பெரிய தாமதம் இல்லை. காலேபைப் பாருங்கள். கானானை வேவு பார்க்கப் போனபோது அவனுக்கு 40 வயது. கர்த்தரை "உத்தமமாய்ப் பின்பற்றினேன்" என்று அவன் சொல்கிற இடத்தில் எபிரெயத்தில் நிறைவாய்ப் பின்சென்றான் என்றுதான் இருக்கிறது. அவனுக்கு வாக்களிக்கப்பட்ட எபிரோன் அவன் கைக்கு வந்தபோது வயது 85. நடுவில் 45 வருடம். அதில் பெரும்பகுதி, பயந்துபோன மற்றவர்களின் தப்புக்காக அவனும் அவர்களோடு வனாந்தரத்தில் நடந்தான். அங்கே யாரும் அவனை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. நடக்க வேண்டியிருந்தது, நடந்தான்.

கணக்கு சுத்தமாகி, வீடு நிம்மதியாகி, அதற்குப் பிறகும் அந்த அழைப்பு உங்களை விடாமல் பிடித்திருந்தால், உங்கள் ஆயரிடம் போங்கள். சபை உங்களைச் சோதித்துப் பார்த்து அனுப்பட்டும். அப்போது உங்கள் மனைவியின் பதில் வேறாக இருக்கக்கூடும். இல்லாமலும் போகலாம். அப்படியானால் பர்ச்சேஸ் மேசைதான் உங்கள் ஊழியம். சுத்தமான கையோடு ஒருவன் அந்த மேசையில் இருபது வருடம் உட்கார்ந்தால் சிப்காட்டில் எத்தனை பேர் அதைக் கவனிப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த டயாலிசிஸ் எந்தக் கிழமை என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு லீவு போடுங்கள். அம்மாவை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள், மனைவி வீட்டில் படுத்து ஓய்வெடுக்கட்டும். அன்று சாயந்திரம் பாட்டுப் பயிற்சி இருந்தால் வர முடியாது என்று குழுத் தலைவருக்குச் சொல்லிவிடுங்கள். வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற அந்த நாலு மணி நேரத்தில், சப்ளையர்கள் பெயரையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். எழுதி முடித்ததும் அந்த நோட்டோடு என்னைப் பார்க்க வாருங்கள். முடிந்தால் இரண்டு பேருமாய் வாருங்கள்.